முதுகுக்கு ஒரு பெயர்

ஆலைப் புகைப்படக்காரரின் கணினித் திரையில் மேலாளர் தீயணைப்புக் கருவியைக் கதாயுதம்போல் தாங்கி நிற்கிறார். பாதுகாப்புப் பயிற்சியாம். படத்தின் ஓரத்தில் விரியும் கேமரா விவரமோ எடுத்த தேதியை நேற்று என்கிறது. புகைப்படக்காரரின் தங்கை கணவனை ஆலைத் தீ போன வாரமே தின்றுவிட்டது. “தேதிய மாத்து. அந்த முதுகு காட்டி நிக்கிற ஹெல்மெட்டுக்கு உன் மச்சான் பேரைப் போடு,” என்று தோளுக்குப் பின்னால் நிஜ மேலாளர் மிட்டாயைக் கடிக்கிறார். “சார், அவன் செத்தப்புறம் எடுத்த படம் இது.” “கேமராவா வந்து சாட்சி சொல்லப்போகுது? சொல்லிக்குடுத்தும் கேக்காமச் செத்தான்னாத்தான் கம்பெனி தப்பிக்கும். உன் வேலையும் தப்பிக்கும்.” மேசையில் தங்கையின் அழைப்பு அதிர்கிறது, புகைப்படக்காரர் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறார். தேதி பின்னுக்குப் போகிறது. ஹெல்மெட்டைச் சுற்றி அவர் வரைந்த கட்டம் ‘யார் இவர்?’ என்று கேட்கிறது. முதல் எழுத்தை அடித்ததுமே, தங்கையின் கல்யாணப் படங்களில் அவனோடு பழகிய மென்பொருள் மீதிப் பெயரைத் தானே நிரப்பிவிடுகிறது.