முப்பத்திரண்டுக்கு அடுத்த பக்கம்

"எழுந்து நில்லு, திர்சா," என்றார் பென்னர் சார்.

சபை வரலாறு பாடத்தின் கடைசித் தேர்வுத் தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் கடைசிக் கேள்வி வருஷா வருஷம் ஒன்றேதான்: 'புத்தகம் முழுவதையும் படித்தேன் என்று கர்த்தருக்கு முன்பாகச் சொல்கிறேன். ஆம் / இல்லை.' ஆம் என்றால் இருபது மார்க். இல்லை என்றால் பூஜ்யம்.

"இருபத்துமூணு பேர்ல இவ ஒருத்திதான் இல்லைன்னு போட்டிருக்கா. பதினாறு பக்கம் படிக்கலையாம். மொத்தம் நாற்பத்தஞ்சு மார்க், பாஸுக்கு ஐம்பது வேணும். ஃபெயில்."

ஃபெயில் என்றால் சனிக்கிழமை பட்டமளிப்பு மேடை கிடையாது. அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். மகள் மேடை ஏறுவதைப் பார்க்க கனடாவின் மேற்கே ஆல்பர்ட்டாவில் லோடை வேறொருத்தரிடம் விட்டுவிட்டு இங்கே மானிடோபாவுக்கு வந்துகொண்டிருந்தார்.

"ஆமான்னு ஒரு டிக் போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல, லூசு," என்றான் கடைசி பெஞ்சு ரைமர். சிரித்தோம். நானும்தான்.

"பதினாறு பக்கம், அரை மணி வேலை," என்றார் சார். "அதைக்கூடப் படிக்காம என்ன கிழிச்ச?"

"என் புத்தகத்துல அந்தப் பக்கமே இல்ல சார். முப்பத்திரண்டுக்கு அடுத்தது நாற்பத்தொன்பது."

"பக்கத்துல கேட்டு வாங்கிப் படிக்க வாய் இல்லையா?"

"கேட்டேன் சார். ஜனெல் தன் புத்தகம் வீட்டுல இருக்குன்னா. ரைமர் போடின்னான்."

சார் என் மேஜையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார். "இந்தா, கண்ணைத் திறந்து பாரு. முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு..."

நின்றுவிட்டார். அடுத்தது நாற்பத்தொன்பது.

ஜனெலின் புத்தகத்தை எடுத்தார். அதேதான். ரைமருடையது அட்டைகூட மடங்காமல் புதுசாக இருந்தது. அதிலும் அதேதான். அச்சகத்தில் பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு பாரமே விட்டுப்போயிருக்கிறது. இல்லாத பதினாறு பக்கத்தை நாங்கள் இருபத்திரண்டு பேர் கர்த்தருக்கு முன்பாகப் படித்து முடித்திருந்தோம்.

"அப்போ எல்லாருக்கும் பூஜ்யமா சார்?" திர்சா குரலை உயர்த்தினாள்.

"வாயை மூடுடி," என்று ஜனெல் பல்லைக் கடித்தாள். "எங்க வீட்டுல கேக்குக்குச் சொல்லியாச்சு. ஊரையே கூப்பிட்டிருக்காங்க."

திர்சா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக சாரின் மேஜைக்குப் போனாள். அங்கே அவர் புத்தகம் கிடந்தது. பதினோரு வருஷமாக அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறார். அவர் கை நீட்டுவதற்குள் திறந்துவிட்டாள்.

முப்பத்திரண்டு. நாற்பத்தொன்பது.

சார் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து அவள் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்து நீட்டினார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"அந்த இல்லையை அடிச்சுட்டு ஆம்னு போடும்மா. இருபது மார்க் போட்டுடறேன். அப்பா வேற அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றார். விஷயம் இந்த ரூமோட போகட்டும்."

"போடேன்டி," என்றது பாதி வகுப்பு.

திர்சா பேனாவை வாங்கவில்லை. தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை நாங்கள் இருபத்திரண்டு பேரும் மேடை ஏறினோம். திர்சா கீழே அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கிறிஸ்தவ நேர்மைக்கான பதக்கத்தை பென்னர் சார் என் கழுத்தில்தான் போட்டார். குனிந்து வாங்கிக்கொண்டேன்.