ஜன்னலில் செருகிய அட்டை

அவள் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள்.

இடது கையில். முத்துக்கனியின் வலது கை பத்து நாளாக அசையவில்லை.

"இறுக்கமா இருக்கா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. பக்கவாதம் முத்துக்கனியின் வாயையும் இழுத்திருந்தது. பேச்சு இல்லை. பார்வை மட்டும் இருந்தது.

அவள் மெஷின் பக்கம் குனிந்துகொண்டாள்.

"ஆஸ்பத்திரில அந்த டாக்டரு என்னப் புடிச்சு ஏசுதாரு" என்றான் முத்துக்கனியின் புருஷன். வடக்கே லாரி ஓட்டிப் போனவன், செய்தி கேட்டு ஓடி வந்திருந்தான். "ஒருநாள்கூட பிரஷர் பாக்கலியாய்யான்னு. நான் விடுவனா? பிரஷர் அட்டையத் தூக்கிக் காமிச்சிட்டேன். எங்க பிரஷர்க்கா மாசந்தவறாம வீட்டுக்கே வந்து பாத்திருக்காவன்னு."

பிரஷர்க்கா.

ஊர் அவளுக்கு வைத்த பெயர். வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் வருமுன் தடுக்கலாம் என்று சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் சொன்னபோது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள்.

இந்தத் தெருவே உப்பளத்துக்குப் போகிற தெரு. விடியுமுன் வேன் ஏறினால் வீடு திரும்ப மதியம் இரண்டு. அவள் வருவது பத்து மணிக்கு. எல்லாக் கதவிலும் பூட்டு. ஜன்னல் கம்பியில் அட்டை செருகியிருக்கும்.

ஜன்னலோரம் நின்றபடியே எழுதிவிடுவாள். 124/82. அடுத்த மாதம் 126/80. ஒரே எண்ணாக இருந்தால் மேலே கேட்பார்கள் என்று மாற்றி மாற்றி எழுதிய கெட்டிக்காரி.

சீ.

ரேஷன் கடை வரிசையில் ஒருநாள் முத்துக்கனி கையைப் பிடித்துக் கேட்டாள். "தல கிறுகிறுன்னு வருதுக்கா. ரெண்டு மணிக்கு மேல ஒருக்கா வாங்களேன்."

வருகிறேன் என்றாள்.

அந்த வெயிலில் யார் வருவார்கள்.

மெஷின் கூவியது. 178/104.

"எவ்வளவுக்கா?"

சொன்னாள். அவன் அட்டையை நீட்டினான். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தான். உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

இன்றைய எண்ணை எழுதினாள்.

பிறகு அதற்கு மேலே இருந்த வரியை அடித்தாள். அதற்கும் மேலே இருந்ததை. பேனாவை அழுத்தியதில் அட்டை மடியிலிருந்து வழுக்கியது.

முத்துக்கனியின் இடது கை வந்து அட்டையின் ஓரத்தை அழுத்திப் பிடித்தது.

"என்னக்கா, எல்லாத்தையும் அடிக்கிய?"

ஆறாவது வரியையும் அடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இந்தத் தெருவுக்கு நான் ரெண்டு மணிக்கு மேல வந்ததே இல்ல தம்பி."

அவன் பூட்டிக் கிடந்த எதிர்வீட்டைப் பார்த்தான். அந்த ஜன்னலிலும் ஓர் அட்டை இருந்தது.

முத்துக்கனி இன்னும் கையை எடுக்கவில்லை.