ஏழாயிரத்துக்கு மேல்

பட்டறையின் நடுவே, எஞ்சினின் திறனை அளக்கும் உருளைகளின் மேல் பட்டைகளால் இறுக்கிக் கட்டிய பழைய ஜப்பான் கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே தங்கை. பழைய இரும்புக்குத்தான் ஆகும் என்று எல்லாரும் கைகழுவிய எஞ்சினை அவளே பிரித்துக் கோத்திருக்கிறாள். திரையில் அக்காவின் ஐரோப்பிய டீசல் கார் காலையில் எவ்வளவு குதிரைத்திறன் தந்தது என்று காட்டும் சிவப்புக் கோடு. அதற்கு வெகு கீழே தங்கையின் நீலக் கோடு தவழ்கிறது. "என் வண்டி நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்துலயே மலையை இழுக்கும்டி! உன்னது இன்னும் தூங்கி எழலையா?" கார் ஜன்னலோரம் நின்று அக்கா சிரிக்கிறாள். "உன்னதுக்கு இழுக்குற டார்க், என்னதுக்கு சுத்துற வேகம். கொஞ்சம் பொறு, அக்கா." தங்கை மிதிக்கிறாள். காலையில் அக்காவின் டீசல் மூச்சுவாங்கி நின்றுவிட்ட ஐந்தாயிரம் சுற்றைத் தாண்டியதும் உறுமல் கூவலாக மாறுகிறது; சுவரில் தொங்கும் ஸ்பானர்கள் கிணுகிணுக்கின்றன. ஏழாயிரம். நீலம் சிவப்பின் உச்சியைத் தாண்டி ஏறுகிறது. போன தடவை எஞ்சின் இறுகி நின்றது இங்கேதான். தங்கையின் கால் தயங்குகிறது. "விட்டுடாதடி, மிதி!" தொண்டை கிழியக் கத்துவது அக்காதான். எட்டாயிரத்தில் கோடு உச்சம் தொடுகிறது, எஞ்சின் ஒரு பிசிறும் இல்லாமல் பாடுகிறது. உருளைகள் அடங்குவதற்குள் அக்கா ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்து, தங்கையின் எண்ணெய் படிந்த கன்னத்தைக் கிள்ளுகிறாள். "தோத்துட்டேன்டி! யார்கிட்டயும் நீ சொல்லக் கூடாது, நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்!"