தங்கப்பழத்தின் மூடிய வாய்

மணமேடை வெளிச்சத்தில், மகள் ராஜேஸ்வரி பக்கத்தில் தங்கப்பழம் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். ஆடித்தபசு முடியட்டும், தீபாவளி முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று மூன்று வருடமாகப் பல் டாக்டரைத் தள்ளிப்போட்டவர் அவர். ஆடிக்கொண்டிருந்த இரண்டு முன்பற்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. இன்று காலை சீர் முறுக்கைக் கடித்துத் தரம் பார்த்தபோது முறுக்கிலேயே தங்கிவிட்டன. "அண்ணாச்சி, சிரிங்க! கல்யாண வீட்டுல இப்படியா நிக்கிய?" என்று போட்டோக்காரர் கெஞ்சுகிறார். காலத்துக்கும் சுவரில் தொங்கப்போகிற படம். தங்கப்பழம் மீசையை மட்டும் சிரிக்கவைக்கிறார். ராஜேஸ்வரி தன் கன்னத்தில் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கர் திருஷ்டிப் பொட்டை நகத்தால் பெயர்த்து முன்பல்லில் ஒட்டிக்கொண்டு அவரைப் பார்த்து இளிக்கிறாள். "யப்பா, நான் ஒங்க சாடைன்னு எல்லாரும் சொல்லுதாவ. சரிதானா?" நாதஸ்வரத்தையும் மீறி அவர் சிரிப்பு வெடிக்கிறது. கேமரா மின்னுகிறது. படத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் சேர்த்து மூன்று பல் குறைவு.