பேப்பரில் வந்த பெயர்

"எலிசபெத் இன்னிக்கும் வரலையா?"

வெங்கடராமன் அட்டெண்டன்ஸ் நோட்டைப் பட்டென்று மூடினார். இன்றோடு ஒன்பது நாள். வருகிற திங்கட்கிழமை ஏர்லைன்ஸ் கம்பெனியில் இன்டர்வியூ. பெங்களூர் காக்ஸ் டவுனில் அவர் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பிலிருந்து அதற்குத் தேர்வானவள் அவள் ஒருத்திதான்.

"பஸ் ஸ்டாப்ல பார்த்தேன் சார். கூப்பிட்டா முகத்தைத் திருப்பிக்கிட்டா" என்றாள் தீபிகா.

"பேர்தான் பேப்பர்ல வந்தாச்சே. இனிமே நாமெல்லாம் அவ கண்ணுக்குத் தெரிவோமா?" என்றார் அவர்.

வகுப்பு சிரித்தது. அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மனசு ஆறவில்லை.

போன மாதம் விமான நிலையப் பாடம். டெர்மினல், ரன்வே என்று ஆரம்பித்து சாலை விரிவாக்கம், ஆக்கிரமிப்பு, அப்புறப்படுத்துதல் வரைக்கும் நாற்பது இங்கிலீஷ் வார்த்தைகளைப் போர்டில் எழுதிப் போட்டார்.

"வெளிநாட்டுக்காரன் ஏர்போர்ட்ல இறங்கி வர்றான். நம்ம ஊர் ரோடு அவன் கண்ணுல எப்படிப் படும்? இந்த வார்த்தைங்களைப் போட்டுப் பத்திரிகைக்கு ஒரு லெட்டர் எழுதுங்க."

மற்றவர்கள் பத்து வார்த்தைக்கே திண்டாடினார்கள். எலிசபெத் நாற்பதையும் போட்டிருந்தாள். ஏர்போர்ட் ரோட்டை ஒட்டி ஒரு சந்து. அதில் எத்தனை வீடு, சாக்கடை எங்கே அடைத்துக்கொள்கிறது, அந்த இடத்தில் ரோடு எத்தனை அடி குறுகுகிறது, எல்லாம் டேப் பிடித்து அளந்த மாதிரி இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு பிழை இல்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவளிடம் மூச்சுவிடாமல், தாமே டைப் அடித்து இங்கிலீஷ் பேப்பருக்கு அனுப்பிவிட்டார். அவள் பெயரோடு வந்தது. வகுப்பே கைதட்டியது. அவளோ குனிந்த தலை நிமிராமல், "தேங்க்ஸ் சார்" என்றதோடு சரி.

அன்றைக்கு அதை அடக்கம் என்று நினைத்தார். இப்போதல்லவா தெரிகிறது, திமிர்!

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் வாசலில் ஓர் ஆள் நின்றார். செக்யூரிட்டி யூனிபாரம். தொப்பி கையில் இருந்தது.

"எலிசபெத்தோட அப்பா சார், யேசுதாஸ். கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்துல வேலை பார்த்தேன். அது மூடினப்புறம் இங்க வந்துட்டோம்."

"வாங்க, நானே கேக்கணும்னு இருந்தேன். என்னங்க நெனச்சிட்டிருக்கா உங்க பொண்ணு? எவ்வளவு பெரிய வாய்ப்பு! கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?"

யேசுதாஸ் சட்டைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். பேப்பரில் வந்த அந்தக் கடிதம். அழகாக லேமினேஷன் செய்திருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க சார்."

கோபமெல்லாம் போய் வெங்கடராமனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"'ஏர்போர்ட்டுக்குப் போற வழியில இப்படி ஒரு சந்து இருக்கறது நகரத்துக்கே அவமானம். அங்க இருக்கிற ஆக்கிரமிப்புகளை உடனே அப்புறப்படுத்தி, ரோட்டை அகலப்படுத்தணும்.' என்ன இங்கிலீஷ் தெரியுமா? நானே இப்படி எழுத மாட்டேன்!"

யேசுதாஸ் மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப அந்த ஆபீசர் சொன்னது நெசந்தான்."

"எந்த ஆபீசர்?"

"எங்க சந்துல வீடுங்களை இடிக்க வந்த ஆபீசர் சார். பத்து நாளாச்சு. இதுல எழுதியிருக்கிறது எங்க சந்துதான்."

வெங்கடராமன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேப்பர் வந்த அன்னிக்குப் படிச்சுக் காட்டுன்னேன். 'ஏழைங்க வீட்டை இடிக்காதீங்க'ன்னு எழுதியிருக்கேன்பான்னு சொன்னா. சந்து பூரா காட்டினேன் சார். ஜேசிபி வந்தப்போ இதைத் தூக்கிக்கிட்டுத்தான் முன்னால ஓடினேன். ஆபீசர் நிதானமாப் படிச்சாரு. 'உன் பொண்ணு கேட்டதைத்தான்யா செய்யறோம்'னு கன்னடத்துல சொன்னாரு. இடிக்க வந்த ஆளாச்சே, பொய் சொல்லியிருப்பாரோன்னு எனக்கு ஒரு நப்பாசை. அதான் உங்ககிட்ட வந்தேன்."

மார்க்குக்காக எழுதியது. சும்மா விட்டிருந்தால் அவள் நோட்டுக்குள்ளேயே கிடந்திருக்கும். எங்கே குடியிருக்கிறாய் என்று ஒருநாளாவது அந்தப் பெண்ணைக் கேட்டதுண்டா? வெங்கடராமனுக்கு வெட்கமாக இருந்தது.

"எழுதச் சொன்னது நான்தாங்க. அவளைக் கேக்காம அனுப்பினதும் நான்தான். அவ மேல ஒரு தப்பும் இல்லை."

"இருக்கட்டும் சார். கடுதாசி வரலைன்னாலும் இடிச்சிருப்பாங்க. இப்ப ஜீவனஹள்ளில எங்க அக்கா வீட்டுல இருக்கோம்."

யேசுதாஸ் லேமினேஷனை யூனிபாரத்தில் துடைத்துச் சட்டைக்குள் பத்திரப்படுத்தினார்.

"அன்னிலேர்ந்து அவ என் முகத்தையே பாக்கறதில்ல சார். இன்டர்வியூக்கும் போகமாட்டாளாம். ஆபீசர் என்கிட்ட சொன்னது அவளுக்குத் தெரியாது. உள்ள சாமான் எடுத்துட்டிருந்தா. நீங்க ஒருநடை வந்து கூப்பிட்டா வருவா."

"வரேன். இப்பவே வரேன். அவகிட்ட மன்னிப்பும் கேக்கணும்."

"அதெல்லாம் வேணாம் சார்." படியில் இறங்கப் போனவர் நின்று திரும்பினார். "எங்கப்பா வந்து கடுதாசியைப் பத்திக் கேட்டாரான்னு கேப்பா. நீ எப்படிப் படிச்சுச் சொன்னியோ, அப்படியேதான் நானும் உங்கப்பாவுக்குப் படிச்சுச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடுங்க."