தொட்டி பழகும் வரை

"மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதும்மா. பசியா இருக்குமோ?"

"பசியில்ல ஐயா, மூச்சு முட்டுது." போனில் வளர்ப்பு மீன் கடைப் பெண்ணின் குரல் சட்டென்று வந்தது. "தொட்டி எப்ப வச்சீங்க?"

"போன வாரம்."

"மீனை எப்ப விட்டீங்க?"

"அன்னைக்கேதான்."

"அன்னைக்கேவா? தொட்டி பழக வேணாமா? மாசக்கணக்குல தண்ணியைப் பழக விட்டுட்டுத்தான் மீனை விடணும். வித்தவன் சொல்லலையா?"

"சந்தையில வாங்கினேன். அவன் ஒண்ணும் சொல்லல."

"சொல்ல மாட்டான். செத்துப்போனா மறுபடியும் அவன்கிட்டதானே போவீங்க."

மெய்ராம் தொட்டியையே பார்த்தார். கரகண்டா நகரத்து நிலக்கரிச் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். தனி ஆள். மீன் வளர்ப்பது இதுதான் முதல் தடவை. வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயை ஒட்டி மேசைமேல் தொட்டியை வைத்து, சந்தையிலிருந்து கொஞ்சம் கப்பி மீன்களை வாங்கி விட்டிருந்தார்.

"கேளுங்க ஐயா. மீனோட கழிவு தண்ணியில விஷமா மாறும். பழைய தொட்டின்னா அந்த விஷத்தைத் தின்னுற நல்ல கிருமிங்க இருக்கும். உங்க தொட்டியில அதுங்க இன்னும் பிறக்கவே இல்ல. தண்ணி பார்க்கப் பளிச்சுன்னுதான் இருக்கும்."

"சுரங்கத்துல வாயு சேர்ற மாதிரி," என்றார் மெய்ராம். "உள்ள இருக்கிறவனுக்குத் தெரியாது. தலை சுத்தி விழும்போதுதான் தெரியும்."

"அதேதான்," என்றாள் அவள். "தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்க. முந்தின நாளே வாளியில பிடிச்சு வச்ச தண்ணியா இருக்கணும். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை போதும். பாவம்னு அள்ளிப் போட்டீங்கன்னா நீங்களே கொன்ன மாதிரி."

"நாளைக்குக் கூப்பிடலாமாம்மா?"

"கூப்பிடாட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் ஒரு மீன் செத்து மிதந்தது. அதை அவளிடம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார்.

"அழறீங்களா ஐயா?"

"இல்லம்மா, இருமல்."

"மத்ததைக் காப்பாத்திடலாம். கடைக்கு வாங்க. எங்க பழைய தொட்டியில தண்ணி வடிகட்டுற பஞ்சுல ஒரு துண்டு தர்றேன். அந்த நல்ல கிருமியெல்லாம் அதுலதான் குடியிருக்கும்."

"நான் வரலம்மா," என்றார் மெய்ராம் அவசரமாக. "ஆள் அனுப்புறேன்."

மாடி வீட்டு வலேரி பேருந்து ஓட்டுகிறவன். அந்தப் பக்கம் போகும்போது வாங்கி வரச் சம்மதித்தான்.

"கீழ்த்தெருவிலேயே ஒரு மீன் கடை இருக்கே, அண்ணே. நீங்க எதுக்கு ஊரோட மறுகோடிக்குக் கூப்பிடுறீங்க?"

"இவன் விக்கத்தான் பார்ப்பான். அந்தப் பொண்ணு திட்டித் திட்டிச் சொல்லிக் குடுக்குது."

"திட்டு வாங்குறதுக்கா இவ்வளவு தூரம்?" என்று சிரித்துவிட்டுப் போனான் வலேரி.

சாயங்காலம் அவன் கொண்டுவந்த கண்ணாடிப் புட்டியைச் சுற்றி ஒரு கம்பளிச் சால்வை கட்டியிருந்தது.

"குளிர்ல கிருமி செத்துடுமாம். அவ கழுத்துல கிடந்ததையே அவுத்துச் சுத்திக் குடுத்தா. திருப்பித் தர வேணாம்னுட்டா. தண்ணியைச் சோதிக்கத் தாள் வேற குடுத்திருக்கா. முக்கி எடுத்தா ரோஜா நிறம் வரும், அப்படின்னா விஷமாம். வெள்ளையாவே இருந்தா தொட்டி பழகிடுச்சுன்னு அர்த்தமாம்." வலேரி படியேறப் போனவன் திரும்பினான். "அப்புறம் அண்ணே, பெரியவர் வெளிய போறப்ப தொப்பி போட்டுக்கிறாரான்னு கேட்டா. மீன் விக்கிறவளுக்கு உங்க தொப்பி எதுக்கு?"

மெய்ராம் காதில் வாங்காதவர்போலப் பஞ்சைத் தொட்டிக்குள் விட்டார்.

அதன் பிறகு பொழுது விடிந்தால் தண்ணீர் மாற்றுவதும், தாளை முக்குவதும், போன் செய்வதுமாகவே நாட்கள் போயின. தாள் ரத்தமாய்ச் சிவந்த அன்று தண்ணீரை மாற்றாமலேயே போனை எடுத்தார்.

"பயப்படாதீங்க. இது வந்துட்டுத்தான் போகும். இன்னைக்கு ரெண்டு தடவை மாத்துங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"மீனுக்குத் தீனி போடல."

"நான் உங்களைக் கேட்டேன்."

பனி இளகத் தொடங்கியபோது தாளின் நிறமும் வெளிறத் தொடங்கியது. ஒரு நாள் முக்கியெடுத்த தாள் வெள்ளையாகவே இருந்தது. மறுநாளும் அப்படியே. கப்பிகள் வாலை விசிறிக்கொண்டு தொட்டி முழுக்கத் திரிந்தன. மெய்ராம் அவற்றைப் பார்த்துச் சிரித்தார். பிறகு போனைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

வெகுநேரம் கழித்துத்தான் எண்களை அழுத்தினார்.

"இன்னும் ரோஜா நிறமாத்தாம்மா வருது."

"இன்னுமா? மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா ஓடுது… இல்ல, கொஞ்சம் சோர்வாத்தான் இருக்கு."

"தாளை நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

மெய்ராம் கையிலிருந்த வெள்ளைத் தாளைக் கசக்கினார்.

"தொட்டி பழகிடுச்சு, ஐயா," என்றாள் அவள் மெதுவாக. "இனி தண்ணியைப் பத்திக் கேட்க நீங்க கூப்பிட வேண்டியதில்ல."

"சரிம்மா," என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லவே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கப் போனார்.

"வச்சிடாதீங்க. முதல் நாள் நீங்க வாயைத் திறந்ததுமே எனக்குக் குரல் தெரிஞ்சு போச்சு," என்றாள் அவள். "என் கல்யாணத்துக்கு நீங்க வராத கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு, இனிமே மீனைச் சாக்கு வைக்காம, சும்மாவே கூப்பிடுங்க, அப்பா."