பதினைந்தாவது நிமிடம்

போன் அடித்தது.

யார் என்று பார்க்கவே தேவையில்லை. என் தங்கைதான். அவள் வீட்டில் இருந்தபடியே என் ஆபீஸ் வேலைகளைக் கவனிக்கிறவள். கடிகாரத்தைப் பார்த்து, சரியாகப் பதினைந்தாவது நிமிடத்தில் கூப்பிடுகிறாள்.

ஏற்பாடு என்னுடையது. யாரைக் குறை சொல்ல?

தொழில் ஆரம்பித்த புதிதில் வருகிறவர்கள் எல்லாம் டீயைக் குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசியே என் பொழுதைத் தின்று தீர்த்தார்கள். முகத்துக்கு நேரே 'கிளம்புங்கள்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதனால் ஒரு வழி செய்தேன். யார் வந்தாலும் பதினைந்தாவது நிமிடம் தங்கை கூப்பிடுவாள். வீட்டில் ஏதோ அவசரம் என்பாள். நான் பதறி எழுந்துவிடுவேன்.

நான் எடுக்கிறவரை விடாமல் அடிக்க வேண்டும் என்பதும் என் உத்தரவே.

இதனால் தினமும் இரண்டு மணி நேரம் மிச்சம். தொழில்முனைவோர் கூட்டங்களில் மேடையேறி, நேரத்தைக் கையாள்வது எப்படி என்று பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அங்கே வாய் திறக்கவில்லை.

ஆனால் இன்று எதிரில் இருந்தவர் ஒன்பது ஃபர்னிச்சர் கடைகளின் முதலாளியம்மா. எட்டு மாதம் நாயாய் அலைந்து பிடித்த சந்திப்பு. அவருடைய ஆர்டர் கிடைத்தால் என் நாற்காலித் தொழிற்சாலைக்கு வருடம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் புது ஷெட்டைப் பூட்டிவிட்டு, பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அவர் வருகிறார் என்று தரையைத் தேய்க்க வைத்தேன். மாதிரி நாற்காலிகளை நானே துடைத்தேன். கீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் விட்டேன். 'இன்றைக்கு மட்டும் கூப்பிடாதே' என்று தங்கையிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை.

போனை அமுக்கினேன். மறுபடி அடித்தது. அமுக்கினேன். மறுபடி.

"எடுங்க சார், ஏதாவது அவசரமா இருக்கப்போகுது" என்றார் முதலாளியம்மா.

எடுத்தேன். என் தங்கைக்கு மெதுவாகப் பேசி வழக்கமில்லை.

"அண்ணா! அண்ணி மயங்கி விழுந்துட்டாங்க! போட்டது போட்டபடி கிளம்பி வா!"

அறை முழுக்கக் கேட்டது. கடைசியில் ஒரு விசும்பல் வேறு. பெரிய இடத்து ஆள் என்று கூடுதலாக ஒன்று சேர்த்திருக்கிறாள், பாவி.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளியம்மா எழுந்துவிட்டார். அவருடைய கார் வாசலிலேயே நிற்கிறதாம், அதிலேயே போய்விடலாமாம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மனைவி மயங்கிக் கிடக்கும்போது நாற்காலி மெத்தையின் தரத்தைப் பற்றிப் பேசுகிறவனுக்கு யார் ஆர்டர் கொடுப்பார்கள்?

ஏறி உட்கார்ந்தேன்.

இந்த நேரத்துக்கு என் மனைவி மொட்டை மாடியில் கயிறு தாண்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாளைக்கு ஐந்நூறு. மயக்கம் என்பது அவள் பக்கம்கூட வராது.

முதலாளியம்மா டிரைவரை விரட்டினார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார். தன் ஆபீசுக்குப் போன் போட்டு, அடுத்த இரண்டு சந்திப்புகளையும் தள்ளிவைக்கச் சொன்னார். எனக்காக.

பாட்டிலை அப்படியே மூடி வைத்தேன். இவ்வளவு வெட்கப்பட்டதாக எனக்கு நினைவே இல்லை.

வீட்டுக்கு இன்னும் இரண்டு தெரு. வாசலில் வண்டி நின்று, வியர்க்க விறுவிறுக்க என் மனைவி கதவைத் திறப்பதை நினைத்துப் பார்த்தேன். ஷெட்டை நினைத்தேன். பதினான்கு பேரின் முகங்களை நினைத்தேன். ஆனாலும் முடியவில்லை.

"மேடம், வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் இல்ல. வர்றவங்கள சீக்கிரம் அனுப்பி வைக்க நான் பண்ணி வச்ச ஏற்பாடு இது. உங்க விஷயத்துல சொல்லி நிறுத்த மறந்துட்டேன்."

வண்டி நின்றது. நான் இறங்கக் கதவில் கை வைத்தேன்.

முதலாளியம்மா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த டிரைவருக்கும் தோள் குலுங்கியது.

"உட்காருங்க சார். வாசல் வரைக்கும் வாயைத் திறக்காம வந்திருந்தீங்கன்னா, அங்கேயே இறக்கிவிட்டுட்டுப் போயிருப்பேன்" என்றவர், வண்டியைத் திருப்பச் சொன்னார். "ரெண்டு சந்திப்பையும் தள்ளி வச்சாச்சு. உங்க ஆபீசுக்கே போய் ஆற அமர விலை பேசுவோம். நாற்காலி நல்லாத்தான் இருக்கு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு சந்தேகமும். இவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எப்படி?

கேட்டேவிட்டேன்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்ட நாற்காலி மெத்தைக்கு ஸ்பாஞ்ச் விக்க வந்தேன் சார். அப்பல்லாம் பஸ்லதான் வருவேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே உங்க வீட்டம்மா மயங்கி விழுந்துட்டாங்க. நீங்க ஓடிட்டீங்க. எனக்கு மனசே கேக்கல. மறுநாள் காலையில முதல் வேலையா உங்களுக்குப் போன் பண்ணி, என் பேரைச் சொல்லி, 'இப்ப எப்படி இருக்காங்க'ன்னு கேட்டேன்."

அப்படி ஒரு பெண் வந்ததே எனக்கு நினைவில்லை. "நான் என்ன சொன்னேன்?" என்றேன்.

"'யாரு?'ன்னு கேட்டீங்க."